பிரேக்குக்கு அஞ்சும் ஊரில் ஸ்டீயரிங் ஆயில்

மலையில் கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் பேச்சு பிரேக்கில் தொடங்கி கிளட்சில் முடியும். பர்லியாரில் யாருடைய வண்டியின் டிரம் புகைந்தது, குஞ்சப்பனை இறக்கத்தில் எந்த லாரி சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றது, எந்த பேட் சீக்கிரம் தேய்கிறது என்று டீ ஆறும்வரை பேசுவார்கள். ஸ்டீயரிங்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பிடித்திருக்கிறோம், திருப்புகிறோம், திரும்புகிறது, அவ்வளவுதான். பானெட்டைத் தூக்கினால் பேட்டரிக்கும் ரேடியேட்டருக்கும் அருகில் எங்கேயோ சின்னதாக ஸ்டீயரிங் ஆயில் டப்பா ஒன்று இருக்கும். கோத்தகிரியில் அதன் மூடியைத் திருகித் திறந்து, உள்ளே இருப்பது என்ன நிறம் என்று பார்த்தவர்களை எண்ணப் புகுந்தால் ஒரு கையில் விரல்கள் மிச்சமாகும்.

எல்லா வண்டியிலும் அந்த டப்பா இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் சிறிய கார்கள் பெரும்பாலும் மின்மோட்டாரின் உதவியால் திரும்புபவை. 1988இல் சுசுகி நிறுவனம் ஜப்பானில் செர்வோ என்ற குட்டிக் காரில் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. ஆயில், பம்ப், ஹோஸ் எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் இதை வேடிக்கைக்குப் படிக்கலாம். ஆனால் நீலகிரியில் கேரட்டும் முட்டைகோசும் ஏற்றும் பிக்கப்புகள், எஸ்டேட் சாலையில் ஓடும் பொலிரோக்கள், டாக்சி ஸ்டாண்டில் நிற்கும் பழைய குவாலிஸ், இன்னோவா எல்லாம் ஆயிலின் பலத்தில் திரும்புகிறவை. என்னுடைய பழைய டீசல் வண்டியும் அந்த இனம்தான்.

இந்த ஆயிலை எல்லோரும் எஞ்சின் ஆயிலின் தம்பி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எஞ்சின் ஆயிலின் முதல் வேலை உராய்வைக் குறைப்பது. இங்கே டயரைத் தள்ளுவதே ஆயில்தான். எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட பம்புக்குள் நீள்வட்டமான அறை. அதற்குள் சுழலும் உருளை. உருளையின் பள்ளங்களிலிருந்து மெல்லிய தகடுகள் வெளியே வந்து சுவரைத் தடவிக்கொண்டே சுற்றும். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆயில் படலம் மட்டுமே. அங்கிருந்து கெட்டியான ஹோஸ் வழியாக ஆயில் ராக்குக்கு, அதாவது இடமும் வலமும் நகர்ந்து முன்சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டத்துக்குப் போகிறது. ராக்கின் தலைப்பில் வால்வு, வால்வின் நடுவில் முறுக்குக் கம்பி. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்தக் கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்கிறது. அந்தச் சில டிகிரியில் வால்வின் கீற்றுகள் திறந்து, ஆயில் ராக்கோடு சேர்ந்த பிஸ்டனின் இடப்புறத்துக்கோ வலப்புறத்துக்கோ பாய்ந்து அதைத் தள்ளுகிறது. நேராகப் போகும்போது ஆயில் சும்மா சுற்றிவந்து டப்பாவுக்குத் திரும்புகிறது. அப்போது அழுத்தம் சில பார் (அழுத்தத்தின் அலகு) மட்டும். முழுக்க ஒடித்துப் பிடித்தால் 80 முதல் 100 பார் வரை ஏறும். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்றைவிட ஏறத்தாழ 40 மடங்கு.

ஆயிலை எப்போதும் ஓடவிட்டு, திருப்பும் நேரத்தில் மட்டும் வழியை அடைத்து அழுத்தம் எழுப்பும் இந்த யோசனை பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளருடையது. பியர்ஸ் ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் இருந்தவர். கனத்த வண்டிகளைத் திருப்புவது எவ்வளவு சிரமம் என்று பார்த்தவர், வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினார். 1926இல் தன் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். செலவு கட்டுப்படியாகாது என்று கார் கம்பெனிகள் பின்வாங்கின. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்கு அது தேவைப்பட்டது. 1951இல்தான் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் பொதுமக்கள் கைக்கு வந்தது. அதற்குள் அவருடைய தொடக்ககாலக் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. மனிதர் என்ன நினைத்திருப்பார்!

ராக் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயில் நினைவுக்கு வரவேண்டும். கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பற்சட்டமும் எஞ்சினின் பற்சக்கரமும் அதே ஜோடிதான். ரயிலில் சட்டம் தரையோடு அசையாமல் கிடக்க, சக்கரம் அதைப் பிடித்து 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தில் ஏறுகிறது. காரில் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழல, சட்டம் இடமும் வலமும் ஓடுகிறது. 1899இல் குன்னூர் வந்து சேர்ந்த அந்தப் பாதை நிலக்கரியும் நீராவியும் நம்பி ஓடியது. நம்முடைய ராக் ஒரு லிட்டர் சிவப்பு ஆயிலை நம்பி ஓடுகிறது.

ஆம், ஒரு லிட்டர்தான். பெரும்பாலான வண்டிகளில் பம்ப், ஹோஸ், ராக், டப்பா எல்லாம் சேர்த்து அதையொட்டித்தான் கொள்ளும். அந்த ஒரு லிட்டரிடம் மலை வாங்கும் வேலையைப் பாருங்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டியில் 36. சமவெளி நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு ஸ்டீயரிங் கையகலம் கூட அசையாது. இங்கே பால் வாங்கப் போய்வருவதற்குள் நாலைந்து முறை முழுக்க ஒடித்தாக வேண்டும். மே மாத சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்லி வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். எதிரே ஒரு பஸ் வந்துவிட்டால் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, நின்ற இடத்திலேயே சக்கரத்தைப் பிசைந்து ஒதுங்க வேண்டும். வண்டி நகராமல் ஸ்டீயரிங்கை ஒடிப்பதுதான் இந்த ஆயிலுக்கு ஆகப்பெரிய தண்டனை. கடைசிவரை ஒடித்து அப்படியே பிடித்திருந்தால் ஆயில் எங்கும் போக வழியில்லாமல் பம்புக்குள்ளேயே ரிலீஃப் வால்வு வழியாகச் சுற்றும். பம்பின் பலம் முழுவதும் சூடாக மாறும். ஐந்து வினாடிக்கு மேல் அப்படிப் பிடிக்கக் கூடாது என்பது பொது விதி. பஸ் கடந்து போகும்வரை பிடித்திருப்பதுதான் நம் வழக்கம்.

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் டப்பாவிலுள்ள ஆயிலின் மேல் காற்று அழுத்துவதால்தான் அது பம்புக்குள் நுழைகிறது. மூடியில் சின்னத் துளை இருப்பது அதற்காகத்தான். உதகையில் கடற்கரையைக் காட்டிலும் காற்றழுத்தம் ஏறத்தாழ கால் பங்கு குறைவு. தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ஊர் இது. பருப்பைக் கெடுக்கும் அதே குறை, பம்பின் வாயிலும் வேலை செய்கிறது. டப்பாவின் அடியிலிருக்கும் வலையில் கசடு படிந்து வழி குறுகியிருந்தால், சென்னையில் சத்தம் போடாத பம்ப் இங்கே முனகும்.

என் வண்டி அப்படித்தான் முனகிற்று. நல்ல குளிரில், தலைகுந்தாவில் உறைபனி விழும் நாட்களில், எல்லா வண்டியும் காலையில் கொஞ்சம் முனகும். ஆயில் குளிரில் பல மடங்கு கெட்டியாகிவிடும். இரண்டு தெரு தாண்டியதும் சரியாகிவிட்டால் கவலையில்லை. என்னுடையது பகலிலும் விடவில்லை. பெல்ட் தளர்ந்தால் கீச்சென்று கத்தும். இது கத்தல் இல்லை, ஸ்டீயரிங்கை ஒடிக்க ஒடிக்க ஏறி, நேராக்கியதும் இறங்கும் ஊமைக் குரல். சமவெளியில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய வண்டி. அவர் காலத்தில் டப்பாவில் என்னென்ன ஊற்றப்பட்டது என்பதற்குப் பதிவேடு இல்லை.

எங்கள் மெக்கானிக் மேட்டுப்பாளையத்துக்காரர். என் அப்பாவின் வண்டியிலிருந்து பார்த்துவருகிறார்; இன்னமும் என்னை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். மூடியைத் திறந்தார், விரலை விட்டார், முகர்ந்தார். பிறகு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, பக்கத்திலேயே புது ஆயிலில் ஒரு சொட்டு விட்டார். புது ஆயில் ரோஜா நிற வட்டமாகப் பரவியது. என் ஆயில் நடுவில் கறுப்புப் புள்ளியை வைத்துவிட்டு ஓரத்தில் பழுப்பாகக் கசிந்தது.

“இது ஆயில் இல்லை அம்மணி, அடிமண்டி,” என்றார்.

அந்தப் புள்ளியில் நிறைய படிக்கலாம். வெறும் பழுப்பும் தீய்ந்த வாடையும் என்றால் சூட்டில் வெந்த ஆயில், மாற்றினால் போதும். கறுப்புத் தூள் விரலில் மையாக ஒட்டினால் ஹோஸின் உட்சுவர் ரப்பர் உதிர்கிறது. ஹோஸையும் மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண். வெயிலில் பிடித்தால் மின்னும் சாம்பல் நிறத் துகள் என்றால் பம்ப் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது. பால் கலந்தது போன்ற வெளிறிய சிவப்பு என்றால் தண்ணீர். மூடி விரிசல்விட்ட வண்டியை ஐப்பசி மழையில் நிறுத்தினாலும், பானெட்டுக்குள் பம்ப் வைத்து வேகமாகத் தண்ணீர் அடித்தாலும் அது நேரும். நுரை மட்டும் தெரிந்தால் காற்று. கசிவில்லாத இடத்தில்கூடக் காற்று நுழையும். பம்புக்குப் போகும் உறிஞ்சு ஹோஸின் கிளாம்ப் தளர்ந்தால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். எனக்குக் கிடைத்தது தீய்ந்த ஆயிலும் ரப்பர் தூளும். மின்னும் துகள் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இங்கே ஒரு சச்சரவு. மெக்கானிக் அண்ணா சிரிஞ்ச் கட்சி. டப்பாவில் இருப்பதை மட்டும் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவது, சில நாள் ஓட்டுவது, மறுபடியும் உறிஞ்சுவது. எந்த ஹோஸையும் கழற்ற வேண்டாம், காற்று நுழையாது, பத்து நிமிட வேலை. நல்ல வழிதான், ஆயில் நல்ல நிலையில் இருந்தால். கெட்டுப்போனதற்கு அது உதவாது என்பது என் கட்சி. கணக்குப் போட்டுக் காட்டினேன். மொத்தம் ஒரு லிட்டர், ஒவ்வொரு முறையும் வெளியே வருவது 300 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறைக்குப் பின் பழையது 70 சதவீதம் மிச்சம், அடுத்து 49, அடுத்து 34, அடுத்து 24, ஐந்தாவது முறைக்குப் பிறகும் 17. ஒன்றரை லிட்டர் புது ஆயிலைச் செலவழித்து, ஆறில் ஒரு பங்கு கசடைப் பத்திரமாக உள்ளேயே வைத்திருக்கிறோம். அதே ஆயிலோடு இன்னும் அரை லிட்டர் சேர்த்து, திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி வெளியே விட்டால் பழையது ஏறத்தாழ முழுவதும் போய்விடும். அவர் கணக்கை மறுக்கவில்லை. “ஹோஸைக் கழற்றினால் கிளாம்ப் உடையும், நிப்பிள் உடையும், அப்புறம் என்னைத்தான் கேட்பீர்கள்,” என்றார். ஹோஸ் மாட்டும் பழைய பிளாஸ்டிக் நிப்பிள்கள் சூட்டில் காய்ந்து உண்மையிலேயே உடையும். அதனால் புது டப்பா ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்தோம். அதுவும் நல்லதாயிற்று; பல வண்டிகளில் வடிகட்டி வலை டப்பாவோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால் தனியாக மாற்ற முடியாது. டப்பாவை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் புது ஆயில் பழைய கசடு வழியாகத்தான் ஓட வேண்டும்.

ஆயில் வாங்கும்போது நிறத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். என் வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் வகை, டெக்ஸ்ரான் என்று புத்தகத்தில் இருக்கிறது. கசிந்தால் எஞ்சின் ஆயிலா இதுவா என்று கண்ணால் பிரித்தறியவே அதற்குச் சிவப்புச் சாயம் சேர்க்கிறார்கள். இந்த வகை ஆயிலில் ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெய்கூடக் கலந்திருந்தார்கள். அமெரிக்கா 1970களின் தொடக்கத்தில் தடைகொண்டுவந்த பிறகுதான் வேதியியலாளர்கள் மாற்று தேடினார்கள். சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிற செயற்கை ஆயில்; ஹோண்டாவும் ஹூண்டாயும் தமக்கென்று தனி வகை சொல்கின்றன. மூடியின் மேல் பொறித்திருப்பதைப் படிப்பதுதான் வழி. கசிவை நிறுத்தும் மருந்து என்று சின்னப் பாட்டில்களும் கடையில் தொங்கும். ரப்பர் சீலை ஊதவைத்துக் கொஞ்ச காலம் ஏமாற்றும் சரக்கு அது. விற்கப்போகிற வண்டிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வைத்துக்கொள்ளப்போகிற வண்டிக்கு வேண்டாம்.

வேலையில் முதல் சிக்கல், சமதளம். முன்சக்கரங்கள் இரண்டும் தரையைவிட்டு எழும்ப வேண்டும். அப்போதுதான் எஞ்சினை அணைத்த நிலையிலும் ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்ப முடியும். கோத்தகிரியில் சமதளம் என்பது பள்ளி மைதானம், தேயிலைத் தொழிற்சாலை முற்றம், கோவில் வாசல், இவை மூன்றும்தான். மூன்றிலும் ஆயில் சிந்தினால் திட்டு விழும். தொழிற்சாலை முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை இடம் கொடுத்தார்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஜாக்கியால் தூக்கி இரும்பு ஸ்டாண்டின் மேல் இறக்கம். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் செய்யக்கூடாது. மலையில் சொல்லவே தேவையில்லை.

திரும்பி வரும் ஹோஸை டப்பாவிலிருந்து கழற்றினோம். அழுத்தம் குறைந்த, சாதாரண கிளாம்ப் போட்ட மெல்லிய ஹோஸ்தான் திரும்பி வருவது. முனையில் உலோக வளையத்தை நெரித்துப் பூட்டிய கெட்டியான ஹோஸ் பம்பிலிருந்து போவது. அதைத் தொடக்கூடாது. ஹோஸ் இருந்த நிப்பிளைச் சும்மா விட்டால் ஊற்றும் ஆயில் எல்லாம் அதன் வழியே கொட்டிவிடும். கையகலத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸைச் செருகி, அதன் மறுமுனையில் போல்ட் ஒன்றைத் திணித்து அண்ணா அதை அடைத்தார். கழற்றிய ஹோஸை இன்னும் கொஞ்சம் நீட்டி, கீழே வைத்த கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் விட்டோம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தடை செய்த மாவட்டத்தில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்கு எப்போதும் மதிப்பு உண்டு. உள்ளே என்ன விழுகிறது என்று பார்க்கவும் கண்ணாடிதான் வசதி.

தம்பி ஸ்டீயரிங்கில். நான் புனலோடு டப்பாவின் பக்கம். எஞ்சினை அணைத்த நிலையில் மெதுவாக இடதுகோடி, வலதுகோடி என்று திருப்பச் சொன்னோம். ராக்கின் பிஸ்டன் அசைய அசைய, அதற்குள் கிடந்த பழையது விட்டுவிட்டு வந்து விழுந்தது. இந்தக் கட்டத்தில் அவசரமே கூடாது. வேகமாகத் திருப்பினால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கோடியில் இடித்தால் ஆயில் டப்பாவின் வாய் வழியே முகத்தில் தெறிக்கும். தம்பி இரண்டையும் செய்து காட்டினான்.

பிஸ்டனுக்குள் இருப்பது இப்படி வந்துவிடும். பம்புக்குள் இருப்பது வராது. அதற்கு எஞ்சின் ஓட வேண்டும். இங்கேதான் நிறைய பேர் பம்பைக் கொல்கிறார்கள். பம்ப் ஐடிலிங்கிலேயே நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் தள்ளும். டப்பா சில வினாடியில் காலியாகிவிடும். வறண்டு ஓடினால் தகடுகள் சுவரை உரசிக் கீறும். கீறல் விழுந்த சுவரை எந்த ஆயிலும் ஆற்றாது. ஆகவே டப்பாவை விளிம்புவரை நிரப்பி, சாவியைத் திருப்பி, எஞ்சின் பற்றியவுடன் அணைத்துவிட வேண்டும். மறுபடி நிரப்பு, மறுபடி பற்றவைத்து அணை. பானெட்டுக்கு அடியில் குனிந்திருப்பவரின் துப்பட்டா, தாவணி, சட்டைக் கை எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக்கூடாது. சாவி கையிலிருப்பவர் டப்பா பக்கம் நிற்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். “போடு”, “நிறுத்து” என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு பேச்சு வேண்டாம் என்று ஒப்பந்தம். “அக்கா, நிறுத்தட்டுமா?” என்று தம்பி கேட்டு முடிப்பதற்குள் டப்பா வறண்டுவிடும்.

முதல் பாட்டிலில் விழுந்தது பழைய டிகாக்ஷன் நிறம். அடுத்ததில் பழுப்பு. அதற்கடுத்து ஒரு கட்டத்தில் திடீரென்று மறுபடியும் கறுத்தது. பயந்துபோனேன். வால்வின் மூலையில் ஒதுங்கியிருந்த கசடு பெயர்ந்து வருகிறது, வரட்டும் என்று அண்ணா கை காட்டினார். தெளியத் தொடங்கிய பிறகு ஒருமுறை கறுப்பது வழக்கம்தானாம். அங்கே நிறுத்திவிடுகிறவர்கள்தான் மறுமாதமும் முனகலோடு வருகிறார்கள் என்றார். இரண்டு லிட்டரைத் தாண்டிக் கொஞ்சம் போனபோது பாட்டிலில் விழுவதும் புனலில் ஊற்றுவதும் ஒரே சிவப்பாக இருந்தன. புது டப்பாவைப் பொருத்தி, ஹோஸை மாட்டி, புது கிளாம்ப் போட்டோம்.

அடுத்தது காற்றெடுப்பது. இது பொறுமைசாலிகளின் வேலை. மூடியைத் திறந்தே வைத்து, எஞ்சின் அணைந்த நிலையில், கோடியிலிருந்து கோடிக்கு மெல்ல மெல்ல, குமிழ் வருவது நிற்கும்வரை. பிறகு ஓரமாக உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். அரைமணி சும்மா விட்டால் நுண்ணிய குமிழ்கள் தாமே மேலே வந்துவிடும். பிறகு எஞ்சினைப் போட்டு, கோடியில் பிடிக்காமல் திருப்பிப் பார்ப்பது. உள்ளே காற்று மிச்சமிருக்கிறதா என்பதற்கு அண்ணா சொல்லித் தந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: எஞ்சின் ஓடும்போது டப்பாவில் மட்டத்தைப் பாருங்கள், அணைத்ததும் பாருங்கள். அணைத்தவுடன் மட்டம் எழும்பினால், அழுத்தத்தில் சுருங்கிக் கிடந்த காற்று விரிந்து ஆயிலை மேலே தள்ளுகிறது என்று பொருள். அசையாமல் நின்றால் முடிந்தது வேலை.

முனகல் போயிற்று. திருப்பும் கனமும் கொஞ்சம் குறைந்ததாகத் தம்பி சொல்கிறான். அது மனப்பிரமையாகவும் இருக்கலாம். அரவேணுவரை ஓட்டிப்போய் வந்து, ராக்கின் இரு முனையிலுள்ள ரப்பர் உறையை அழுத்திப் பார்த்தோம். உள்ளே ஆயில் சளசளத்தால் ராக்கின் சீல் போய்விட்டது என்று அர்த்தம். காய்ந்திருந்தது. சில வாரம் கழித்து, அண்ணாவின் கட்சிக்கும் மரியாதை செய்யும் விதமாக, ஒருமுறை சிரிஞ்ச் வைத்தியமும் செய்தேன். சில வண்டிகளின் கையேட்டில் இந்த ஆயிலை மாற்றுவதற்குக் கெடுவே குறிப்பிடப்பட்டிருப்பதில்லை. வண்டியின் ஆயுளுக்கும் போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கையேட்டை எழுதியவர்கள் கல்லட்டியில் வண்டி ஓட்டியிருக்க மாட்டார்கள். 40,000 கிலோமீட்டரில் மாற்றுவேன் என்று நான் எனக்கே விதித்துக்கொண்டிருக்கிறேன். கறுத்தால் அதற்கும் முன்னால்.

பழைய ஆயிலை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றுவதுதான் ஊர் வழக்கம். எங்கள் ஓடைகள் சுற்றிவளைத்துப் பவானிக்கோ மாயாற்றுக்கோதான் போகின்றன. மாயாறும் பவானிசாகரில் அதே தண்ணீரோடு சேர்கிறது. மேட்டுப்பாளையத்தில் பவானியிலிருந்து எடுக்கும் தண்ணீரைத் திருப்பூரிலும் குடிக்கிறார்கள். அண்ணா கை துடைக்கும் பனியன் வேஸ்ட் திருப்பூரிலிருந்து மலைக்கு வருகிறது. அதற்குப் பதிலாக நாம் ஆயிலை அனுப்பவேண்டியதில்லை. கழிவு ஆயில் அபாயகரக் கழிவுப் பட்டியலில் இருப்பது. பாட்டில்களை எல்லாம் ஒரே கேனில் கொட்டி மூடி, பழைய எஞ்சின் ஆயில் எடுக்க வரும் ஆளிடம் கொடுத்தோம்.

பக்கத்துத் தோட்டக்காரரின் பிக்கப் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிக் கழுவி மீட்க முடியாத ஒன்றும் இருக்கிறது. கேரட் லோடு இறக்கிவிட்டுக் கீழேயிருந்து திரும்பும்போது, வழியில் ஒரு கடையில் ஆயில்கள் எல்லாம் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த பையன் ஸ்டீயரிங் டப்பாவில் குறைகிறது என்று பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டான். இரண்டு டப்பாவும் அருகருகே. மூடிகள் இரண்டும் கறுப்பு. எஞ்சினைப் போடாமல் இருந்திருந்தால் ஒன்றும் இல்லை. பிரேக் ஆயில் கனமானது, அடியில் போய்த் தங்கும், டப்பாவை உறிஞ்சிக் கழுவினால் தப்பித்திருக்கலாம். இவர் மலையேறி வந்து சேர்ந்துவிட்டார். பிரேக் ஆயில் கிளைகால் என்ற வேதிப்பொருள் வகை. ஸ்டீயரிங் ஆயில் பெட்ரோலிய வகை. பிரேக்கின் சீல்கள் ஒருவகை ரப்பர், ஸ்டீயரிங்கின் சீல்கள் நைட்ரைல் என்ற வேறுவகை. ஒன்றின் ஆயில் மற்றதன் சீலை ஊதவைத்துக் கொழகொழப்பாக்கிவிடும். தவறு தெரிந்த அன்றே கழுவினார்கள். ஆயில் சிவப்பாகத் தெளிந்தும் விட்டது. ஆனால் இரண்டு மாதத்துக்குள் பம்பின் ஷாஃப்ட் சீல் கசிந்தது, பின்னாலேயே ராக்கும் கசிந்தது. கடைசியில் ராக்கையே பிரித்து எல்லா சீலையும் மாற்றினார்கள். கேரட்டுக்கு நல்ல விலை கிடைத்த பருவம் அது. பணம் முழுவதும் ராக்குக்குப் போயிற்று. இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: ஸ்டீயரிங் ஆயில் பிரேக் டப்பாவுக்குள் விழுந்தால் ஊதப்போவது பிரேக்கின் ரப்பர். அப்படி ஒரு வண்டியை எஞ்சின் போட்டு நகர்த்தவே கூடாது. இருந்த இடத்துக்கு மெக்கானிக்கை அழைப்பதுதான் சரி.

அந்த பிக்கப்பின் கதி தெரிந்த வாரத்தில் நான் பெயிண்ட் டப்பாவை எடுத்தேன். என் வண்டியின் ஸ்டீயரிங் மூடியில் இப்போது சிவப்புப் பூச்சு, அதன்மேல் வெள்ளை எழுத்தில் ஆயிலின் பெயர். பிரேக் மூடிக்கு மஞ்சள். எழுத்து கோணலாக விழுந்துவிட்டது, ஆனால் படிக்க முடிகிறது. மெக்கானிக் அண்ணா பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுத்த முறை போனபோது அவர் பட்டறையில் நின்ற இரண்டு பிக்கப்புகளின் மூடிகளிலும் சிவப்பு காய்ந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த பெயிண்டை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.